லாடமா, சலங்கையா?

ஒரு கல்யாணச் சம்பந்தம் வந்தால் நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், அடுத்த வீட்டுக்காரரிடம் மெதுவாக வாயைக் கிளறுகிறோம். புடவை எடுக்கப் போனால்கூடச் சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்காமல் பணத்தை அவிழ்ப்பதில்லை. அப்பேர்ப்பட்ட நான், 2009-ஆம் வருஷம் எங்கள் வீட்டில் பழைய கார் வாங்கியபோது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"என்ன கலருங்க?"

"சிவப்பு" என்றார் என் கணவர். எனக்குப் பரம திருப்தி.

அது 1998-ஆம் வருஷத்து மாருதி 800. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கை மாறி வந்தது. தரகர், "ஒரு டாக்டர் ஓட்டின வண்டி, சார்! வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மீட்டர் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் என்று காட்டியது. எப்போது என்ன ரிப்பேர் நடந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. அதனால் என்ன? சிவப்பாக இருந்ததே!

கார் வாங்கியதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம், கொல்லிமலையின் அடிவாரம். என் சின்னப் பையனுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, "பேரன் பிழைத்து எழுந்தால் அறப்பளீஸ்வரர் சந்நிதிக்குக் கூட்டி வருகிறேன்" என்று அத்தை வேண்டிக்கொண்டார்கள். பையன் எழுந்து ஓடியாடி நாலு வருஷம் ஆகியும் வேண்டுதல் நிறைவேறவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறி இறங்க அத்தையின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "நான் கண்ணை மூடுவதற்குள் போய்விட வேண்டும்" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரஸ்வதி பூஜை விடுமுறையில் புறப்படுவது என்று நாள் குறித்தாயிற்று. என்னிடம் சீட்டுப் பணம் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. அதற்கு நான் ஜாபிதா போட்டிருந்தேன். புது சீட் கவர், தரை விரிப்பு, பாட்டுப் பெட்டி, பாலிஷ். பின் சீட்டு கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் நாத்தனார் வீட்டு வாசலில் போய் இறங்குவதாவது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்குச் சீட் கவர் வாங்கப் புறப்பட்டோம். அத்தையும் காற்றாட வருவதாகக் கூட ஏறிக்கொண்டார்கள். "போகிற வழியில் என்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடலாம்" என்று கோடம்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வண்டியை நிறுத்தினார் என் கணவர். அங்கே இருந்த பெரியவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"டாக்டர் ஓட்டின வண்டி, பாய்!"

பாய் சிரித்தார். "முப்பது வருஷமாப் பார்க்கிறேன் சார், விற்கிற வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டினதுதான். நோயாளிங்க ஓட்டின வண்டியெல்லாம் எங்கே போச்சோ தெரியலை!"

பிறகு அவர் அந்த வண்டிக்கு ஜாதகம் பார்க்க ஆரம்பித்தார். முதலில் பிரேக் மிதியின் ரப்பரைக் காட்டினார். அது வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. "நாற்பதாயிரத்துக்கு இவ்வளவு தேயாது சார். மீட்டரைத் திருப்பலாம், மிதியைத் திருப்ப முடியாது."

அடுத்து டயர். "பட்டன் நிறைய இருக்கே!" என்றார் என் கணவர் பெருமையாக. பாய் துணியால் துடைத்து, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருந்த எண்களில் கடைசி நாலைப் படிக்கச் சொன்னார். 0803. அதாவது 2003-ஆம் வருஷத்தின் எட்டாவது வாரத்தில் செய்த டயர். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உற்றுப் பார்த்தால் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள். ஸ்டெப்னியிலோ மூன்றே எண்கள்: 258. "மூணு நம்பர்னா 2000-க்கு முந்தினது. கடைசி எட்டு 1998-ஐச் சொல்லுது. வண்டியோட பொறந்தது சார் இது. உபயோகிக்காமலே கிழடாப் போச்சு."

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் துருப் பிடித்த செம்மண் நிறத்தில் நின்றது. கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் மேற்கு மாம்பலத்து போர் தண்ணீரில் வெந்நீர்த் தவலையின் அடியில் எப்படி உப்பு படிகிறதோ, அப்படி உள்ளே படிந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

பிறகு டைமிங் பெல்ட் என்று ஒன்றைச் சொன்னார். நம் மாவு கிரைண்டரின் பெல்ட் மாதிரி ரப்பர்தான். உள்ளே பல் வைத்திருக்கும். என்ஜினில் எது எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை அதுதான் நடத்துகிறதாம். கிரைண்டர் பெல்ட் அறுந்தால் மாவு பாதியில் நிற்கும். இது அறுந்தால் வண்டி நடு ரோட்டில் நிற்கும். சில என்ஜின்களில் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே பாழாகிவிடுமாம்.

"கடைசியா எப்ப மாத்தினாங்க?" என்று கேட்டார் பாய்.

"தெரியாதே!"

"தெரியாதுன்னா மாத்தலைன்னு அர்த்தம் சார். பழைய வண்டிக்கு அதுதான் கணக்கு."

கடைசியாகப் பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். புதிதாக இருக்கும்போது இளந்தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, இரண்டாம் டிகாக்ஷன் போலக் கறுத்திருந்தது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படி ஈரத்தை இழுத்துக்கொள்கிறதோ, அப்படித்தான் இந்த ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்குமாம். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் மிதித்தால் அமுங்குவது குமிழிதான், பிரேக் பிடிக்காது. "எங்கே போறதா இருக்கீங்க?" என்று கேட்டார் பாய்.

"கொல்லிமலைக்கு" என்றார் என் கணவர், குரல் கொஞ்சம் இறங்கி.

பாய் பதில் சொல்லவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மையும் இழுத்து எடுத்தார். உள்ளே வீல் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிந்து பிரேக் ஷூ முழுக்க ஈரமாக இருந்தது.

"எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். "டயரோட பதினாலாயிரத்துக்கு மேலே வரும்மா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "இத்தனை நாள் ஓடின வண்டிதானே? இப்பவும் இங்கே வரை ஓடித்தானே வந்தது? முதல்ல சீட்டைப் பார்ப்போம், மற்றதெல்லாம் ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கலாம்" என்றேன். இன்று நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. என் கணவரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அதுவரை முக்காலியில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அத்தை வாயைத் திறந்தார்கள்.

"எங்கப்பா புதன்சந்தையில மாடு புடிச்சிட்டு வருவார். விக்கறவன் என்னென்னமோ சொல்லுவான். ஒண்ணையும் கணக்குல வெச்சுக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், லாடம் அடிப்பார். சலங்கை கட்டறது எல்லாத்துக்கும் கடைசி. மலையேறப் போற மாட்டுக்கு முதல்ல லாடமா, சலங்கையாம்மா?"

நான் பேசவில்லை. அத்தை தொடர்ந்தார்கள்.

"பேரனைக் கூட்டிட்டு வர்றேன்னுதான் சாமிகிட்ட வேண்டியிருக்கேன். அங்கேயே விட்டுட்டு வர்றேன்னு வேண்டலை. நாலு வருஷம் காத்திருந்த சாமி இன்னும் நாலு மாசம் காத்திருக்கும்."

கண்ணை மூடுவதற்குள் போக வேண்டும் என்று தவித்தவர்களே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? கைப்பையைத் திறந்து சீட்டுப் பணத்தை எடுத்து என் கணவர் கையில் கொடுத்துவிட்டேன். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்குப் போகாமல் ஆட்டோவில் வீடு திரும்பினோம்.

பாய் செய்த வேலையின் வரிசையை இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய கார் வாங்கும் சகோதரிகளுக்கு உதவும். முதலில் வண்டியை நிறுத்துகிற சாமான்கள்: பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், புது பிரேக் ஆயில், டயர். அடுத்தது என்ஜினைக் காப்பாற்றுகிறவை: டைமிங் பெல்ட், என்ஜின் ஆயிலும் அதன் பில்டரும், ரேடியேட்டரைக் கழுவிப் புதுக் கூலன்ட், கியர் ஆயில். மூன்றாவது, வழியில் நிற்க வைக்கிறவை: பிளக், பாட்டரி, பெட்ரோல் பில்டர், ஏர் பில்டர். அழகெல்லாம் அதற்கப்புறம். "கதவுக் கைப்பிடி வேணும்னா புதுப்பேட்டையில பழசு வாங்குங்க. பிரேக் சாமான் மட்டும் பழசு வாங்காதீங்க" என்றும் ஒரு புத்திமதி சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் என் கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். "இன்னிக்குத்தான் இந்த வண்டி பொறந்துச்சுன்னு வெச்சுக்கங்கம்மா. என்ன மாத்தினாலும் தேதி போட்டு, மீட்டர் போட்டு எழுதுங்க." அன்றிலிருந்து பால் கணக்கு எழுதுகிற கையாலேயே அந்தக் கணக்கையும் எழுதி வந்தேன். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அதைத் தவற விட்டதே இல்லை.

2010 பொங்கல் விடுமுறையில் கொல்லிமலைக்குப் போனோம். சீட் கவருக்கு என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? அத்தை தம்முடைய பழைய நூல் சேலையை நாலாக மடித்துத் தைத்துக் கிழிசலின் மேல் கட்டிவிட்டார்கள். பேரன் காரவள்ளியிலிருந்து வளைவுகளை எண்ண ஆரம்பித்து எழுபதாவதில் கைதட்டினான். சந்நிதியில் அத்தை அவன் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்கள். இறங்கும்போது, பாய் சொல்லி அனுப்பியபடி, ஏறின அதே கியரில் மெதுவாக இறக்கினார் என் கணவர். ஒவ்வொரு திருப்பத்திலும் என் பார்வை அவர் காலின் மேலேயே இருந்தது. மிதித்த இடத்தில் மிதி நின்றது. அந்தக் கசிந்த சிலிண்டரோடு சரஸ்வதி பூஜைக்கு வந்திருந்தால் என்று நினைத்தபோது, மலைக் காற்றிலும் எனக்கு வேர்த்தது.

பதினைந்து வருஷம் முடிந்து 2013-இல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது, வண்டி ஒரே தடவையில் பாஸாயிற்று. மறு வருஷம் அத்தை காலமானார்கள். அந்தச் சேலையை எடுத்துவிட்டுக் கடைக் கவர் போட எனக்கு மனம் வரவில்லை.

2017-இல் வண்டியை விற்றோம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான ஒரு பெண் தன் தகப்பனாரோடு வந்து பார்த்தாள். நான் முன்னதாகவே சேலையை அவிழ்த்து மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். தகப்பனார் பானெட்டைத் திறந்தார். அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள். எட்டு வருஷத்துக் கணக்கையும் வரி விடாமல் படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு, ஆன்ட்டி. ஏன் சீட் கவர் மட்டும் போடவே இல்லை?" என்று கேட்டாள்.

"லாடமெல்லாம் அடித்தாகிவிட்டது, கண்ணு. சலங்கை ஒன்றுதான் பாக்கி. அதை நீ கட்டிக்கொள்" என்றேன்.

அவளுக்குப் புரிந்திருக்காது. வண்டி தெருக்கோடி திரும்பும்வரை நானும் என் கணவரும் வாசலிலேயே நின்றோம்.