இரட்டைப் பேறும் செல்வமகளும்

கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக வாணிகம் செய்யும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் தம்பிக்கு மூத்தவள் ஒருத்தி. இரண்டாம் பேற்றில் இரட்டைப் பெண்கள். 2015-இல் நடுவண் அரசு தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு இரு கணக்குகள் என்பதே பொதுவிதி. மூவருள் எவளை விடுவது என்று அவன் கலங்கினான்.

அக்கலக்கம் வேண்டியதில்லை. இரண்டாம் பேறு இரட்டையாயின், பிறப்புச் சான்றிதழ்களும் பிரமாணப் பத்திரமும் தந்து, பத்து வயது நிறையுமுன் மூவருக்கும் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கலாம், விதியே இடந்தருகிறது. ஆனால் முதற்பேறே இரட்டைப் பெண்களாகி இருவரும் வாழ்ந்திருப்பின், பின்பிறக்கும் தங்கைக்கு அவ்விடம் இல்லை.

பேற்றின் வரிசை எதுவாயினும், மூன்று பெண்களின் சோறும் துணியும் கல்வியும் ஒன்றே அன்றோ? ஊர்விட்டு வந்து வாழும் நம்மவர் இச்சலுகையை அறிந்து பயன்கொள்க. அத்தங்கைக்கும் அரசு கதவைத் திறத்தல் வேண்டும்.