அப்பாவின் கியர் ஸைக்கிள்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். மற்றது, அவருடைய ஸைக்கிள். முதலாவதை டாக்டர் ஒழித்துவிட்டார். இரண்டாவதை ஒழிக்கும் கைங்கரியத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

ஏலாக்குறிச்சியில் வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டி வந்த பிறகும், ஓய்வு பெற்ற தமிழாசிரியரான அப்பா மட்டும் ஸைக்கிளில்தான் திருமானூர் போய் வருவார். அம்மாவின் மாத்திரை, பாங்கு வேலை எல்லாம் அதில்தான். அண்ணா ஒரு காலத்தில் சீமையிலிருந்து கொண்டுவந்த வண்டி அது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்தது. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து.

மலையே இல்லாத ஊரில் கியர் எதற்கு என்கிறீர்களா? ஆடி மாதத்தில் கொள்ளிடக் கரையோரமாக மேற்கே பார்த்து ஒரு தரம் மிதித்துப் பாருங்கள். காற்றே மலையாக எதிரே நிற்கும்!

கியர் நல்லதுதான். அதன் லீவர் இருந்த இடம்தான் வம்பு. பழைய வண்டிகளில் அது முழங்காலுக்குப் பக்கத்தில், சாய்ந்து இறங்கும் பைப்பில் இருக்கும். ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, குனிந்து, தடவித் தள்ள வேண்டும். 40 வயதில் அது வித்தை. 72 வயதில் விபத்து. போன ஆடியில் அப்பா குனிந்த சமயம் பார்த்து ஒரு காற்று அடித்தது. கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சென்னையிலிருந்து அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினேன். "இந்த வயதில் என்னப்பா ஸைக்கிள்? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அப்பா பதில் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

பத்து நாள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மாத்திரை தீர்ந்த அன்று, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம், "தம்பி, திருமானூர்ப் பக்கம் போவியாப்பா?" என்று கேட்டார். அந்தப் பையனின் தகப்பனாரைப் பிரம்பால் அடித்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸைக்கிள் கடைக்காரரிடம் ஓடினேன். "அக்கா, வண்டி மேலே தப்பில்லீங்க. கியர் இருக்கிற இடந்தான் தப்பு. ஹாண்டிலை விடாமலே கட்டை விரலால மாத்தற மாதிரி வெச்சுட்டா ஐயா தாராளமா ஓட்டுவாங்க" என்றார்.

உடனே பட்டணத்துக் கடை ஒன்றில், 'டிக், டிக்' என்று படி படியாக நகரும் புது லீவர் வாங்கி வந்தேன். மாட்டினோம். முதல் படி சரி. இரண்டாவது முனகிற்று. மூன்றாவதில் செயின் இரண்டு பல்லுக்கும் நடுவே திரிசங்காக நின்றது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் லீவர் கேபிளை ஓர் அளவுதான் இழுக்கும். ஜப்பானிய ஷிமானோ கம்பெனி 1984-ல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோதே, லீவர், செயினைத் தள்ளும் கை, பல்சக்கரம் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத்தான் செய்தது. நான் வாங்கியது, நெருங்கி நிற்கும் ஏழு சக்கரத்துக்கானது. எங்களுடையது விலகி நிற்கும் ஐந்து. ஜாதகம் பார்க்காமல் செய்த கல்யாணம்! கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். போகட்டும்.

கடைக்காரர் அதைவிட மலிவாக, படியே இல்லாத லீவர் ஒரு ஜோடி கொண்டுவந்தார். விட்ட இடத்தில் இறுக்கத்தினாலேயே நிற்கும். எத்தனை சக்கரமானாலும் அதற்குக் கவலையில்லை. ஆட்டுக்கொம்பு ஹாண்டிலை அப்பா முதுகுவலிக்காக முன்பே மாற்றியிருந்ததால் லீவர்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. புதுக் கேபிள், அதற்கு மேலுறை, பழைய லீவர் இருந்த இடத்தில் உறையைத் தாங்க ஒரு பிடி. இந்தப் பிடி இல்லாவிட்டால் லீவரைத் தள்ளினாலும் கியர் அசையாதாம்.

வேலை நடக்கும்போது நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். பிரான்ஸைச் சுற்றும் ஸைக்கிள் பந்தயத்தை 1903-ல் ஆரம்பித்த ஆன்ரி தெக்ராஞ்சு, கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று கேலி செய்தவர். முன்னணி வீரர்களுக்கு 1937 வரை செயின் மாறும் கியருக்கு அனுமதி இல்லை என்றேன்.

"அப்படியானால் எனக்கு முழுப் பாத்தியதை உண்டு" என்றார் அப்பா. பத்து நாளில் முதல் பேச்சு! அப்புறம் நிறுத்த முடியவில்லை.

"முன்னெல்லாம் 'எ'வுக்கு மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையிலே யார் புள்ளி வைத்தார்கள்? படிக்கிறவன் திண்டாடினான். இந்த ஊரிலே இருந்த வீரமாமுனிவர் நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். தீர்ந்தது. நம்ம ஊர்ப் பேரே அந்தக் கோட்டோடுதானே ஆரம்பிக்கிறது! எழுத்தைத் தூக்கி எறிந்தாரா, பார்."

பழைய இரும்புக்காரன் ஞாபகம் வந்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடைக்கல மாதா கோவில் வரை முதல் ஓட்டம். லீவரில் படி இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "செயின் கரகரவென்றால் இன்னும் கொஞ்சம் தள்ளணும். சத்தம் நின்றால் சரி. வகுப்பு நடத்தினவனுக்கு இது தெரியாதா?" என்றார்.

மறுநாள் திருமானூர் போய் மாத்திரையோடு வந்தார். அம்மா எண்ணிப் பார்த்து, "ஓர் அட்டை குறைகிறதே?" என்றாள்.

"அதனாலென்ன, இன்னொரு தரம் போனால் போச்சு!"

நாளைக்குப் போகலாமே என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி தெருக்கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டு கையும் ஹாண்டில்பாரில்தான் இருந்தன. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.