செல்மா நகருக்கு வந்த விருந்தினர்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியராய் வாயிலில் வந்து நிற்பவரே பண்டைத் தமிழர்க்கு விருந்தினர். உற்றாரும் உறவினரும் கூடியுண்பதை விருந்தென்பது பிற்கால வழக்கு. அங்ஙனம் புதியராய் வந்த சமயச் சான்றோர் பலர், முன்பின் அறியாத ஊராரின் துயரத்தைத் தம் துயரமாகக் கொண்ட வரலாறு ஒன்று 1965-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது.

அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் செல்மா. அதனைச் சூழ்ந்த வட்டாரத்தில் வாழ்ந்தோருள் பாதிக்கு மேற்பட்டவர் கறுப்பின மக்கள். எனினும், வாக்களிக்கும் வயதடைந்த அம்மக்களுள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர் நூற்றுக்கு இருவர் அளவினரே. பெயர் பதியச் சென்றவரிடம் விடை கூறற்கரிய வினாக்களை வினவித் திருப்பியனுப்புவது அதிகாரிகள் கையாண்ட வழி. உரிமை குறித்து மூவர் கூடிப் பேசுதலும் ஆகாது என்று 1964-இல் நீதிமன்றத் தடையும் பிறந்தது.

அத்தடைக்கு அஞ்சாது, 1965 ஜனவரி 2-ஆம் நாள் பிரவுன் சேப்பல் என்னும் தேவாலயத்தில் மக்கள் திரண்டனர். அட்லாண்டா நகரத்துப் போதகராகிய மார்ட்டின் லூதர் கிங் விருந்தினராக வந்து, வாக்குரிமை கிட்டுமளவும் அறப்போர் ஓயாது என்று முழங்கினார். அடுத்த மாதம் அருகிலிருந்த மாரியன் என்னும் ஊரில் காவலர் ஒருவரின் குண்டுபட்டு, ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் கறுப்பின இளைஞர் மாண்டார். தம் ஊர்த் திருச்சபையில் தொண்டாற்றி வந்தவர் அவர், வயது இருபத்தாறு.

அக்கொடுமைக்கு நீதி வேண்டி, மார்ச் 7-ஆம் நாள் ஏறத்தாழ அறுநூறு பேர் தலைநகராகிய மான்ட்கோமெரியை நோக்கி நடந்தனர். ஊரெல்லையில் உள்ள பாலத்தைக் கடந்ததும் காவலர் தடிகொண்டு தாக்கினர், கண்ணீர்ப்புகையை வீசினர். அன்றிரவே தொலைக்காட்சியில் அக்காட்சியை நாடு கண்டது. நாட்டிலுள்ள சமயத் தலைவர் அனைவரும் செல்மாவுக்கு வருக என்று கிங் தந்தி விடுத்தார்.

நூற்றுக்கணக்கானவர் வந்தனர். கத்தோலிக்கப் பாதிரிமாரும் கன்னியரும் வந்தனர். யூத சமய ஆசான்கள் வந்தனர். சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்கள் வந்தனர். தேவாலயத்தைச் சூழ்ந்த குடியிருப்பில் வாழ்ந்த எளிய கறுப்பினக் குடும்பத்தார் தம் சிறு வீடுகளில் அவர்க்கு உணவும் உறையுளும் அளித்தனர். புதியோரை வீட்டில் ஏற்றமையால் தமக்கு என்ன தீங்கு நேருமோ என்று அவர்கள் அஞ்சியிருத்தல் கூடும். ஆயினும் கதவை அடைத்தாரில்லை. விருந்தினர் சில நாளில் ஊர் திரும்புவர். விருந்தோம்பியவரோ அங்கேயே வாழ வேண்டியவர். இவ்வரலாற்றை எழுதுவோருட் பலர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

மார்ச் 9-ஆம் நாள் கிங் கூட்டத்தைப் பாலம் வரை நடத்திச் சென்று, நடுச்சாலையில் மண்டியிட்டு வழிபட்டுத் திரும்பினார். அன்று மாலை, பாஸ்டன் நகரிலிருந்து வந்த ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளைப் போதகர், தோழர் இருவருடன் உணவுக்கடையில் உண்டு வெளியே வந்தார். வெள்ளையர் சிலர் அவரைத் தடியால் தலையில் அடித்து வீழ்த்தினர். இரண்டு நாளில் அவர் உயிர் நீத்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு.

ரீப்பின் மறைவுக்கு நாடு முழுதும் அழுதது. குடியரசுத் தலைவரும் அவர்தம் மனைவிக்கு ஆறுதல் கூறினார். ஜாக்சன் மாண்டபோது அத்துணை அழுகை எழவில்லை. இருவர் உயிரும் ஓருயிரே அன்றோ? இவ்வேறுபாட்டைக் கறுப்பின மக்கள் கண்டனர், மனம் நொந்தனர். நொந்தும், ரீப்புக்காக அவர்கள் உண்மையாகவே கண்ணீர் சொரிந்தனர். மார்ச் 15-ஆம் நாள் பிரவுன் சேப்பலில் நிகழ்ந்த இரங்கற் கூட்டத்தில், கிரேக்கத் திருச்சபைப் பேராயர் இயாக்கோவோஸ் தம் கரிய அங்கியுடன் கிங்கின் அருகே நின்றார். தம் சபையாரிற் சிலர் பழிப்பர் என்று அறிந்தே அவர் வந்திருந்தார்.

நீதிமன்றம் இசைவளித்தபின், மார்ச் 21-ஆம் நாள் மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் மீண்டும் புறப்பட்டனர். ஹவாய்த் தீவிலிருந்து போதகர் ஒருவர் அனுப்பிய மலர்மாலைகள் முன்வரிசையினர் கழுத்தில் விளங்கின. அவருள் ஒருவர் நரைத்த தாடியுடைய யூத அறிஞர் ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல். போலந்து நாட்டு வார்சாவில் 1907-இல் பிறந்த அவர், ஹிட்லரின் கொடுமைக்குத் தாயையும் உடன்பிறந்தாரையும் பறிகொடுத்தவர். ஒருவனை இனத்தால் இழிந்தவனென ஒதுக்குவது எங்கே சென்று முடியும் என்பதை ஏட்டிற் படித்து அறிந்தவர் அல்லர் அவர். அன்று நடந்தபோது தம் கால்களே வழிபட்டதாக உணர்ந்தார் என்று பின்னர்க் கூறினார். அம்முதல்நாட் பயணத்தில் ஜாக்சனின் பாட்டனாராகிய கேஜர் லீயும் எண்பத்திரண்டு வயதில் தளர்நடையிட்டுச் சென்றார்.

ஐந்தாம் நாள், ஐம்பத்து நான்கு மைல் கடந்து, இருபத்தையாயிரவர் தலைநகரில் கூடினர். ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. ரீப்பைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் அவ்வாண்டு டிசம்பரில் விடுதலையாயினர். ஜாக்சனைச் சுட்ட காவலர் நெடுங்காலம் தண்டனையின்றி வாழ்ந்து, 2010-ஆம் ஆண்டில், முதுமையில், குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு திங்கட் சிறை பெற்றார். அத்தீர்ப்பைக் கேட்கக் கேஜர் லீ உயிருடன் இல்லை.