நடுவுக்கு வாங்க

துடியலூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே 16 அடி நீளக் கனூ ஒன்று கிடக்கிறது. கொச்சியில் பழையதாக வாங்கிய ஃபைபர் படகு, எடை 34 கிலோ. இரண்டு பேர் ஓட்டுவதற்கென்றே செய்தது. முன்னால் மச்சான், பின்னால் நான் என்று நான்கு வருடம் ஓட்டினோம். மச்சானுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. முன் இருக்கை காலியானது.

ஒருவர் இறங்கிவிட்டால் படகு லேசாகும், இன்னும் சுலபமாக ஓடும் என்று நினைத்தேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காரின் கூரையில் கட்டிக்கொண்டு, காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை கடந்து லிங்காபுரம் போனேன். பவானிசாகர் அணையில் தேங்கும் தண்ணீரின் மேல்கோடி அது. 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்த அணை. நீர்மட்டம் ஏறிய ஆண்டுகளில் காந்தையாற்றுப் பாலம் மூழ்கியிருக்கிறது. காந்தவயல் பக்கத்துச் சனங்கள் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் பரிசலிலும் மோட்டார் படகிலும் போய்வந்திருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அங்கே யார் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வழக்கம்போலப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். முன்பாதி தண்ணீரை விட்டு எழுந்து நின்றது. கரையோரம் இருந்தவரை தெரியவில்லை. திறந்த தண்ணீருக்குப் போனதும் மேகாத்து பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைகிற காற்றுக்கு ஆடியில் இங்கே வரைக்கும் வால் நீளும். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் படகின் மூக்கு காற்று போகும் திசைக்கே திரும்பியது. கடைசியில் எதிர்க்கரைச் சீமைக்கருவேலத்துக்குள் போய்ச் சொருகினேன்.

வலை இழுத்துக்கொண்டிருந்த பரிசல்கார அண்ணன் வந்து கயிறு போட்டு இழுத்துவிட்டார். என் கையெல்லாம் முள் கீறல். அவர் படகை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, இத்தன நீளத்துல ஒரு கோடியில போய் உக்கோந்துட்டா, அந்தக் கோடி காத்துக்குத்தானுங்க சொந்தம்? நடுவுக்கு வாங்க."

அப்போதுதான் அவருடைய பரிசலைப் பார்த்தேன். தான் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஓரத்துக்கு நேர் எதிர் ஓரத்தில் ஈர வலையைக் குவித்து வைத்திருந்தார். வட்டமான பரிசல், தலையும் வாலும் கிடையாது. அதற்கே எடை பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. என் படகுக்கோ இரண்டு கோடி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடல்காரர்கள் முன்தலையை அணியம் என்பார்கள், பின்தலையை அமரம் என்பார்கள். அழகான, தெளிவான சொற்கள். என் அமரத்தில் 66 கிலோ, அணியத்தில் வெறும் காற்று.

முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை. கனூவின் முன் இருக்கை, பின் இருக்கையைவிட நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும். அணியம் குறுகலாக இருப்பதால் கால் நீட்ட அங்கே இடம் விட்டிருப்பார்கள். அதே இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, அமரத்தையே அணியமாக்கி ஓட்டலாம். இரண்டு கோடியும் ஒரே வடிவில் இருக்கும் படகுக்குத்தான் இது சரிப்படும். என்னுடையது அப்படிப்பட்டது. மூக்கு பாதி இறங்கியது, முழுதாக இறங்கவில்லை.

மீதிக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன். அணியத்தின் நுனியிலிருந்து இரண்டரை அடி உள்ளே, குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். கேனை நுனிப்பக்கம் நகர்த்தினால் மூக்கு அழுந்திக் காற்றை எதிர்த்து நிற்கும். காற்றோடு திரும்பி வரும்போது என் பக்கம் இழுத்துக்கொண்டால் பின்பாதி அழுந்தி, படகு நேராக வரும். ஒரு கேன் நகர்வதில் ஒரு படகின் குணமே மாறுகிறது. அதை உடம்பில் உணர்ந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மையான இடம் நடுவில்தான். கனடாவின் பில் மேசன், 1977-ல் வெளிவந்த தன் துடுப்புப் பாடப் படங்களில் தனியாளாக ஓட்டியதும் பாரம் சுமக்கப் பிறந்த ஒரு படகைத்தான். செஸ்ட்நட் பிராஸ்பெக்டர் என்று பெயர், என்னுடையதைப் போலவே 16 அடி. அவர் நடுவுக்குச் சற்றே பின்னால் மண்டியிட்டு, ஒரு பக்க ஓரத்துக்கு ஒதுங்கி இருப்பார். நடுவில் படகின் அகலம் மூன்று அடி. நட்டநடுவில் உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீரை எட்டாது. ஓரத்துக்கு ஒதுங்கினால் படகு அந்தப் பக்கம் சாய்ந்து, கை நேராகத் தண்ணீருக்கு இறங்குகிறது. சாய்ந்த படகு தண்ணீரில் படுகிற நீளமும் குறைவதால் சொன்னபடி திரும்புகிறது. காற்று அடிக்கும்போது மட்டும் அப்படிச் சாய்க்கக் கூடாது, தூக்கிய பக்கம் பாய்போலக் காற்றைப் பிடித்துவிடும்.

நடு இருக்கை செய்யும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: இடம் தெரியாமல் துளை போடுவதில்லை. முதலில் ஒரு பலகையை இரண்டு விளிம்பிலும் கயிற்றால் கட்டி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஓட்டிப் பார்த்தேன். ரசமட்டம் வேண்டியதில்லை, படகின் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும். அது முதுகுப்பக்கம் ஓடினால் நான் முன்னே போக வேண்டும், முழங்காலுக்கு முன் தேங்கினால் பின்னே. மூன்று ஞாயிறு போனது. நடுவிலிருந்து ஏழு அங்குலம் பின்னால் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றது.

சட்டத்துக்குத் தேக்கு ரீப்பர். பிரம்பு பின்னினால் நனைந்து தொய்யும் என்று, கட்டிலுக்குப் போடும் நைலான் நாடாவை வீட்டிலேயே இழுத்துப் பின்னினேன். பக்கத்து லேத் பட்டறையில் ஸ்பேசர் நான்கு கடைந்து வாங்கினேன், முன்னவை இரண்டும் ஓர் அங்குலம் நீளம் கூடுதல். அதனால் இருக்கை முன்பக்கம் தாழ்ந்திருக்கும். மண்டியிடும்போது தொடை வலிக்காது. தரைக்கும் இருக்கைக்கும் இடையே பத்து அங்குலம் விட்டேன். இதில் கஞ்சத்தனம் ஆகாது. படகு கவிழும்போது பாதம் மாட்டிக்கொண்டால் உயிர் போகும்.

துடுப்புப் போடும் முறையும் மாற வேண்டும். இருவர் ஆளுக்கொரு பக்கம் போட்டால் படகு நேராகப் போகும். ஒருவர் ஒரே பக்கம் போட்டால் வட்டமடிக்கும். அதனால் தண்ணீரைப் பின்னே இழுத்து முடிக்கும்போது, மேல்கையின் கட்டைவிரலைக் கீழே திருப்பி, துடுப்பை வெளிப்பக்கம் லேசாகத் தள்ள வேண்டும். மேலிருந்து பார்த்தால் வலப்பக்கத்து வீச்சு நம் 'ட' எழுத்தைப் போல இருக்கும்: கீழே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. சின்னப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிப் பழகுவதுபோல ஒரு மாதம் தண்ணீரில் 'ட' எழுதினேன். இரண்டு பக்கமும் இலை உள்ள கயாக் துடுப்பை வாங்கினால் இந்தப் பாடு இல்லை என்பார்கள். மூன்று அடி அகலத்துக்கு அது மிக நீளமாக வேண்டும், மடியெல்லாம் சொட்டும். எனக்கு 'ட' போதும்.

தனியாகப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். மூடி இறுகிய காலிக் கேன்களை இரண்டு கோடியிலும் கட்டுங்கள். கவிழ்ந்தாலும் படகு மிதக்கும். நீர்த்தேக்கம் அரசினுடையது, கரை வனத்தை ஒட்டியது, முதலைகளும் உண்டு. அனுமதி கேட்டு, அந்த ஊர்க்காரர்களிடமும் கேட்டு இறங்குங்கள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் பவானி சட்டென்று ஏறும். அந்த ஆற்றில் தனியாளுக்கு வேலையே இல்லை.

பழைய இருக்கைகள் இரண்டும் அதனதன் இடத்திலேயே இருக்கின்றன. பொங்கலுக்கு மச்சான் வரும்போது நடு இருக்கையைக் கழற்ற நான்கு போல்ட், ஒரு 13-ம் நம்பர் ஸ்பேனர், பத்து நிமிடம்.