உள்ளேன் ஐயா!

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

காலை வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பேராசிரியர் ஓர் எண்ணை அழைக்கிறார். "உள்ளேன் ஐயா!" என்று குரல் வந்தவுடன் அடுத்த எண்ணுக்குப் போகிறார். குரல் வராவிட்டால் நிமிர்ந்து பார்க்கிறார், மீண்டும் அழைக்கிறார். அந்த ஒருவனுக்காக வகுப்பு முழுவதும் காத்திருக்கிறது. இதற்கும் எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தந்தையார் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கடை என்றால் பத்துக்குப் பத்து அறை. ஒரு கணிப்பொறி, ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று அந்த வட்டாரத்து மக்களின் இன்ப துன்பங்கள் எல்லாம் அவர் விரல் நுனி வழியாகத்தான் அச்சுக்குப் போயின. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவர் மறைந்தார். கடையைக் காலி செய்தபோது கணிப்பொறியை விற்றுவிட்டோம். அதனுள் இருந்த வன்தட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அம்மா கழற்றித் தரச்சொல்லி, பழைய புடவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துக்கொண்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு ஆல்பங்கள் நனைந்து தாளோடு தாள் ஒட்டிப்போய்விட்டன. அந்தப் படங்களில் பலவற்றை அப்பா முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்ததும் அந்தத் தட்டில்தான்.

சென்ற ஆண்டு அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "பத்திரிகையை வெளியில குடுக்க வேணாம்டா. அப்பா போடுற மாதிரியே போடணும். அதெல்லாம் அந்த டிஸ்க்குலதான இருக்கு?"

விடுமுறை நாள்களில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ரிச்சி தெருவில் ஒரு பழைய கணிப்பொறி வாங்கியிருந்தேன். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தியது. பொத்தானை அழுத்தினால் 20 விநாடிகளில் எழுந்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, அப்பாவின் வன்தட்டையும் உள்ளே மாட்டினேன். பெருமையோடு பொத்தானை அழுத்தினேன். திரையில் வட்டம் சுழன்றது. ஒரு நிமிடம் ஆயிற்று; மூன்று ஆயிற்று. ஏழாவது நிமிடத்தில்தான் கணிப்பொறி கண் விழித்தது. அப்பாவின் கோப்புறைகள் தெரிந்தன. ஒன்றைத் திறந்தால் எல்லாமே அசையாமல் நின்றுவிட்டது.

இரண்டு நாள் போராடினேன். தாமாகவே தொடங்கும் நிரல்களை நிறுத்தினேன். வைரஸ் தேடினேன். விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று கூட நினைத்தேன். எழும்பும்போதெல்லாம் 'தட்டைச் சரிபார்க்கிறேன்' என்று ஓர் அறிவிப்பு வேறு வந்தது. இரவு முழுவதும் அதையே ஓடவிடுவோம், எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன்.

நல்லவேளையாக, அதற்குமுன் ஆவடியில் கணிப்பொறி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவருக்குத் தொலைபேசினேன். அவர் அப்பாவிடம் தொழில் கற்றவர்.

"தம்பி, கடைசியா என்ன மாத்தின?"

"அப்பாவோட டிஸ்க்கை மாட்டினேண்ணே."

"அதைக் கழட்டிட்டு ஒருவாட்டி ஆன் பண்ணிப் பாரு."

கழற்றினேன். பழையபடி 20 விநாடி! இரண்டு நாள் பாடுபட்டும் கிட்டாத உண்மை இரண்டு நிமிடத்தில் கிட்டியது. அண்ணன் அத்தோடு விடவில்லை. "அந்தச் சரிபார்க்கிற வேலையை மட்டும் ஓட விடாத. அது டிஸ்க்குல எழுதவும் செய்யும். உடம்பு முடியாத டிஸ்க்குன்னா இருக்கறதும் போயிடும். முதல்ல நகல் எடு. அப்புறம்தான் வைத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை அதே புடவைத் துணியில் தட்டைச் சுற்றிக்கொண்டு மின்சார ரயிலில் ஆவடி போனேன். அண்ணன் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பழைய தட்டில் பழைய விண்டோஸும் இருந்ததால், எதிலிருந்து எழுவது என்பதைக் கணிப்பொறி மாற்றிப் புரிந்துகொள்ளக்கூடும்; எனவே பயாஸில் வரிசையைப் பார்த்தார். அது சரியாகவே இருந்தது. கேபிளை மாற்றினார்; சொருகும் இடத்தை மாற்றினார். பயனில்லை. பிறகு தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலைத் திறந்தார். அதில் 197 என்ற எண்ணுள்ள வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் கணக்கு. சுழியாக இருக்கவேண்டிய அவ்விடத்தில் மூன்று இலக்க எண் நின்றது.

இயற்பியல் மாணவனான எனக்கு அப்போதுதான் விளங்கியது. வன்தட்டினுள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. அளவு மாறினாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பதிவு மங்கிய ஓரிடம் வந்தால் முனை அங்கேயே மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். அதுவரை பதில் சொல்லாது. விண்டோஸோ எழும்போது மாட்டியிருக்கும் எல்லாத் தட்டுகளையும் அழைத்து, அவற்றின் அட்டவணைகளைப் படிக்கும். பதில் வராவிட்டால் பொறுத்திருந்து மீண்டும் அழைக்கும். ஆம், வருகைப் பதிவேதான்! என் கணிப்பொறிக்கு ஒரு குறையும் இல்லை. உடல் நலிந்த ஒருவர் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல அது காத்திருந்தது.

அண்ணன் தன் கணிப்பொறியில் லினக்ஸை எழுப்பி, அதன்பின் யு.எஸ்.பி. வழியாக அப்பாவின் தட்டை இணைத்தார். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச நிரலை ஓடவிட்டார். நன்றாக இருக்கும் பகுதிகளை அது முதலில் நகலெடுத்துக்கொள்ளும்; தகராறு செய்யும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும்; கடைசியில்தான் அங்கே திரும்பி வரும். மதியம் தொடங்கிய வேலை மறுநாள் காலையில் முடிந்தது. சில படங்கள் பாதிக்குமேல் சாம்பல் நிறமாகிவிட்டன. மற்றவை பிழைத்தன.

பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010 இல்தான். அப்பாவின் எழுத்துருக்களும் அதே தட்டில் இருந்தன. அவற்றை நிறுவியதும் தமிழ் மலர்ந்தது.

உறவினர் ஒருவருக்கு அப்பா செய்த பத்திரிகையை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். மணமகளின் தந்தை பெயர் வரும் இடத்தில் 'தெய்வத்திரு' என்று தட்டச்சு செய்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். அம்மா திரையைப் பார்த்தார். "எழுத்தைக் கொஞ்சம் பெருசா வை. அவரு அப்படித்தான் வைப்பாரு" என்றார்.

நண்பர்களே! பதறாத காரியம் சிதறாது என்பார்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தபின் தொல்லை வந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். தட்டு நலிந்திருந்தால் பழுதுபார்க்குமுன் நகலெடுங்கள். 'டக் டக்' என்று சத்தமிட்டால் உடனே நிறுத்தி, தரவு மீட்போரிடம் கொடுங்கள். வீட்டில் திறக்கவேண்டாம், தூசி ஒன்றே அதைக் கெடுக்கும். எடுத்த நகலையும் இரண்டாக்கி, ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள்.

அப்பாவின் தட்டு இப்போது மீண்டும் புடவைத் துணிக்குள் பீரோவில் இருக்கிறது. கணிப்பொறி 20 விநாடிகளில் எழுகிறது. முதுமையால் குரல் தாழ்ந்தவரை நாள்தோறும் பெயர் சொல்லி அழைத்து நிற்கவைப்பது மரியாதை ஆகாது. அவர் சொல்லவேண்டியதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அவருக்கு ஓய்வு கொடுப்பதே மரியாதை.