சாப்பாட்டுக்கு நன்றி, போன முறைக்கும் நன்றி

நார்வேயில் சாப்பிட்டு முடித்தவர் சும்மா எழுந்து போவதில்லை. 'தக் ஃபொர் மாத்தென்', சாப்பாட்டுக்கு நன்றி என்று சமைத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சின்னக் குழந்தையும் அம்மாவிடம் இதைச் சொல்லும். கணவன் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சமைத்தவர் 'வெல் பெக்கொம்மெ' என்பார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்கிற மாதிரியான வாழ்த்து அது. அந்த மொழியைக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வாக்கியத்தைத்தான். விலை கேட்பதும் வழி கேட்பதும் அப்புறம் வரட்டும்.

'தக்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே எல்லா இடத்திலும் சமாளித்துவிடலாம். ஆனால் நார்வேக்காரர்கள் எதற்கு நன்றி என்பதையும் சேர்த்தே சொல்கிறவர்கள். ஒன்றாக மலைப்பாதையில் நடந்துவிட்டுப் பிரிந்தால் 'தக் ஃபொர் தூரென்', நடைக்கு நன்றி. வேலை முடிந்து கிளம்பும்போது 'தக் ஃபொர் இ டாக்', இன்றைய நாளுக்கு நன்றி. எனக்கு மிகவும் பிடித்தது 'தக் ஃபொர் சிஸ்த்'. போன முறை சந்தித்தோமே, அதற்கு நன்றி. இரண்டு வாரத்துக்கு முன் யார் வீட்டிலோ சேர்ந்து சாப்பிட்டவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், நலம் விசாரிப்பதற்கும் முன்னால் இதுதான் வரும். முன்பின் பழகாதவரிடம் இதைச் சொல்ல முடியாது. அதனால் ஒருவர் முதன்முதலாக நம்மிடம் சொல்லும்போது, நம்மோடு கழித்த பொழுதை மறக்காமல் வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. அங்கே கல்லறைக் கற்களில்கூட 'தக் ஃபொர் அல்த்' என்று பொறித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி.

இவ்வளவும் இருக்க, அந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்று போய்வந்தவர்கள் சிலர் சொல்லக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 'நீங்கள்' என்பதற்கு ஈடான 'டீ' பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆசிரியரும் மருத்துவரும் பிரதமரும் 'டூ', அதாவது 'நீ'தான்; கூப்பிடுவதும் பெயர் சொல்லித்தான். நீ, நீங்கள் என்று தரம் பிரித்தே பேசி வளர்ந்த நமக்கு முதலில் நாக்குக் கூசத்தான் செய்யும். அவர்கள் மரியாதையைக் கைவிடவில்லை. சொல்லின் விகுதியில் நாம் வைப்பதை அவர்கள் நன்றியில் வைத்திருக்கிறார்கள்.

காபி வாங்கும்போதும் அப்படித்தான். 'தயவுசெய்து' என்பதற்கு ஒரு தொடர் இருக்கிறது. ஆனால் கடையில் அதைச் சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். 'கன் யை ஃபோ என் கஃபெ?', எனக்கு ஒரு காபி கிடைக்குமா என்று கேட்டால் போதும். கேள்வியாகக் கேட்பதே பணிவு. கோப்பையை நீட்டுகிறவர் 'வெஷொகூ' என்பார். நாம் 'தக்' என்போம். அவ்வளவுதான்.

இந்த 'யை' தன்மைப் பெயர், 'நான்'. பாடப்புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு ரயிலேறி ட்ரொன்ஹெய்ம் போய் இறங்கினால், அங்கே 'நான்' என்பது 'ஏ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவிலான ஒரே ஓர் உயிரொலி. மேற்கே பெர்கன் பக்கம் போனால் 'ஏக்' என்பார்கள். எழுத்து மொழியே இரண்டு: பூக்மோல், நீநொஷ்க். ஈவார் ஓசன் என்ற மொழியறிஞர் ஊர் ஊராக நடந்து கிராமத்து வழக்குகளைத் திரட்டி உருவாக்கிய மொழிக்கு 1885-இல் நாடாளுமன்றம் சம இடம் கொடுத்தது. அதுதான் பின்னால் நீநொஷ்க் ஆனது. நாடாளுமன்றத்தில் பேசுகிறவரும் தம் ஊர் வழக்கிலேயே பேசலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். கற்கிறவருக்கு இது பெரிய சோதனை என்பார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாகவே பட்டிருக்கிறது. 'சுத்தமான' உச்சரிப்பு என்று ஒன்று இல்லாத நாட்டில் நம் உச்சரிப்புக்கும் இடம் உண்டு. 1980-களில் இலங்கையிலிருந்து வடகோடி ஃபின்மார்க்குக்குப் போய் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்கள் பலர் உண்டு. பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர்களிடம் அவர்கள் காதால் கேட்டுப் பழகியது அந்த வடக்கு வழக்கைத்தான்.

வடக்கே இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். ஆமாம் என்பதற்கான 'யா'வை மூச்சை உள்ளே இழுத்தபடியே சொல்வார்கள். ஏதோ கேட்டுத் திடுக்கிட்டுவிட்டார் என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை, சம்மதம்தான்.

பேச்சுக்கு ஆள் தேடுகிறவர்கள் காட்டுப் பக்கம் போவது நல்லது. ஓஸ்லோ பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். அதே ஆள் நகரத்தின் மெட்ரோ ரயிலில் ஃப்ரோக்னர்சேத்தரன் நிலையம்வரை போய் இறங்கி நூர்மார்க்காக் காட்டுக்குள் நடக்கும்போது எதிரே வருகிற எல்லாருக்கும் 'ஹை' சொல்வார். நாமும் சொல்லலாம், சிலர் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள்.

ஒரே ஒரு தடை உண்டு. நாம் கொஞ்சம் தடுமாறினாலும் அவர்கள் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அது அலட்சியம் அல்ல, உதவி என்று நினைத்தே செய்கிறார்கள். அப்போது 'கன் வி ஸ்னக்கெ நொஷ்க்?', நாம் நார்வேஜிய மொழியில் பேசலாமா என்று கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் மகிழ்ந்து மொழியை மாற்றிக்கொள்வார்கள். மெதுவாகவும் பேசுவார்கள்.