மருமகனும் நீர்ப்பம்பியும்

பழைய மோட்டார் வண்டி ஒன்று வீட்டில் இருக்குமாயின், பொறுமையைக் கற்பிக்க வேறு ஆசான் வேண்டியதில்லை. எமக்கு வாய்த்த ஆசான், தமக்கையாரின் மகன் யாழ்ப்பாணத்தில் வாங்கிவந்த மொறிஸ் மைனர். அதன் எஞ்சினைக் கழற்றி, 1275 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள வேறொன்றைப் பூட்டி, அதன் ஆற்றலையும் ஏறத்தாழ 80 பரிவலுவரை உயர்த்தியிருந்தான். நுவரெலியா மலையேற்றப் போட்டியில் ஓடவேண்டும் என்பது அவன் கனவு.

“மாமா, இதற்கு மின்சார நீர்ப்பம்பி ஒன்று தேவை” என்றான் ஒருநாள்.

நாம் நகைத்தோம். “1948இல் வந்த முதல் மொறிஸ் மைனருக்கு நீர்ப்பம்பியே இல்லை. சூடேறிய நீர் தானாக மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். அந்த ஓட்டமே போதுமாயிருந்தது. உனக்கு மின்சாரப் பம்பியா?” என்று பௌதிகவியல் ஆசிரியருக்குரிய மிடுக்கோடு அவன் வாயை அடைத்துவிட்டோம்.

வைகாசிப் பொங்கல் வந்தது. முழங்கால் நோவினால் இரண்டு ஆண்டுகளாக அம்மன் வாசலைக் காணாதிருந்த எம் அன்னையாரை அவ்வண்டியில் ஏற்றிச் சென்றோம். முள்ளியவளையைக் கடந்ததும் சனவெள்ளம். வண்டி நத்தையென ஊர்ந்தது. சிறிது நேரத்தில் முன்புறத்தே ஆவி எழுந்தது. கடல்நீரில் விளக்கெரியும் தலத்திற்குச் செல்ல, எமது வண்டிக்கு நன்னீரும் உதவவில்லை!

“பரவாயில்லைத் தம்பி, நடப்பம்” என்று கூறி, அன்னையார் பேரனின் தோளைப் பற்றியவாறு இறங்கி நடந்தார். எமது மிடுக்கும் அவ்விடத்திலேயே இறங்கிற்று.

வீடு திரும்பியபின் மருமகனுடன் அமர்ந்து, முன்னரே செய்திருக்கவேண்டிய ஆராய்ச்சியைச் செய்தோம். பட்டியினால் சுழலும் பம்பி எஞ்சினின் வேகத்தை அறியுமேயன்றி வெப்பத்தை அறியாது. வண்டி ஊரும்போது அது மந்தமாகச் சுழலும். அதன் அச்சிலேயே பூட்டிய விசிறியும் அவ்வாறே. கடும் வேகத்திலோ தேவைக்கு மிஞ்சிச் சுழன்று எஞ்சினின் வலுவை விழுங்கும். மலையேறி முடித்து எஞ்சினை நிறுத்தினால், நீர் மிகச் சூடாயிருக்கும் வேளையிலேயே தானும் நின்றுவிடும். மின்சாரப் பம்பி அப்படியன்று. வெப்பத்தின் அளவுக்கேற்ப இயங்கும். எஞ்சின் நின்றபின்னும் சற்றுநேரம் நீரை ஓடச்செய்யும். 2009இல் வெளிவந்த ரொயோற்றா பிறியஸ் வண்டியிலும் மின்சார நீர்ப்பம்பியே அமைந்தது.

எந்த அளவில் வாங்குவது? 80 பரிவலு ஏறத்தாழ 60 கிலோவாற்று. முழுவலுவில் ஓடும்போது ஏறக்குறைய அத்துணை வெப்பம் நீரிலும் சேரும் எனக் கொண்டோம். ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலை ஒரு பாகை உயர 4.2 கிலோயூல் வேண்டும். எனவே, 10 பாகை உயர்வுக்குமேல் விடாதிருக்க நிமிடத்துக்குச் சுமார் 86 லீற்றர் நீர் ஓடவேண்டும். சந்தையில் 80, 115, 150 லீற்றர் எனப் பல அளவுகள் உண்டு. குழாய்களின் தடையினால் குறிப்பிட்ட அளவு முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆகவே 115ஐத் தெரிந்தோம்.

ஆயினும், பம்பி நீரை நகர்த்துமேயன்றிக் குளிர்விக்காது. றேடியேற்றரைக் கழற்றிப் பார்த்தால், யாழ்ப்பாணக் கிணற்று நீரின் சுண்ணாம்பு குழல்களில் பாறையாய்ப் படிந்திருந்தது! அதைத் துப்புரவாக்கிய பின்னரே பம்பிக்குப் பணம் கொடுத்தோம். பட்டி விசிறிக்குப் பதிலாக மின்விசிறியும், டைனமோவுக்குப் பதிலாகக் குறைந்த வேகத்திலும் போதிய மின் தரும் மின்பிறப்பாக்கியும் பூட்டினோம். மின்பம்பி பழுதானால் ஓசையின்றி நின்றுவிடும். ஆதலால் வெப்பமானியோடு ஓர் எச்சரிக்கை விளக்கையும் சாரதியின் கண்முன் வைத்தான் மருமகன்.

அடுத்த பொங்கலன்று அதே நெரிசலில் அதே ஊர்வு. வெப்பமானியின் முள் அசையவில்லை. அன்னையார் கோயில் வாசல்வரை அமர்ந்தே வந்தார்.

மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வாங்குமுன் கணக்கிடுங்கள். எம்போன்ற ஆசிரியர்களுக்கோ, நகைக்குமுன் செவிகொடுப்பது நன்று.